உணவு வழிகாட்டு நெறிகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி மாவட்டத்தில் ஊட்டச்சத்துப் பயிற்சி அளிக்கும் பணிக்கு நான் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் அரூரில் நடந்த ஒரு பயிற்சியில், புதிதாகப் பணியில் சேர்ந்த பன்னிரண்டு பேர் அரசின் உணவு வழிகாட்டு நெறிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கிராமத்துத் தாய்மார்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்தார்கள். பணியில் சேர்ந்த காலத்தில் நான் செய்த பிழைகளை அவர்களும் ஏறக்குறைய அதே சொற்களில் செய்ததைக் கேட்டபோது, இதை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். விளம்பரத்தை நம்பாதீர்கள், உறையில் அச்சிட்ட பச்சை இலையைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பனவெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை; அவற்றை விட்டுவிடுகிறேன். உணவுத் தொழிலின் செல்வாக்கு அரசின் ஏட்டுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதையும், நாம் அதை எங்கே கவனிக்கத் தவறுகிறோம் என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

பொய்யைத் தேடுவது

தொழிலின் செல்வாக்கு என்றவுடன் யாரோ யாருக்கோ பணம் கொடுத்துப் பொய் எழுத வைத்தார்கள் என்றே புதியவர்கள் எண்ணுகிறார்கள். நெறிகளில் பொய்யான வாக்கியம் எதுவும் கிடைக்காதபோது, செல்வாக்கே இல்லை என்று நிம்மதியாகி விடுகிறார்கள். 1967-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய தொகுப்புக் கட்டுரை வெளிவந்தது. அதற்குச் சர்க்கரை ஆலைகளின் ஆய்வு அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது என்பது 2016-இல் பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்தபோதுதான் வெளியே தெரிந்தது. அக்கட்டுரை கொழுப்பின் பங்கை விரிவாகப் பேசிவிட்டு, இதய நோயில் சர்க்கரைக்கு இருக்கக்கூடிய பங்கைக் காட்டிய ஆய்வுகளை மட்டும் கடுமையாகக் குறை கூறி ஒதுக்கியது. எதை விரிவாகப் பேசுவது, எதை ஒதுக்குவது என்ற தேர்வில்தான் செல்வாக்கு வேலை செய்தது.

"குறையுங்கள்" என்ற சொல்லுக்கு முன் நிற்கும் பெயரைக் கவனியாமல் விடுவது

இந்தத் தவறுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு பயிற்சியிலும் இது திரும்பி வருவதைப் பார்க்கும்போது எரிச்சலும் வருகிறது.

உலகின் பல நாடுகளுடைய வழிகாட்டு நெறிகளில் ஒரு வழக்கம் உண்டு. அதிகம் உண்ணச் சொல்லும்போது காய்கறி, பழம், பால், பருப்பு என்று உணவின் பெயரையே எழுதுவார்கள். குறைத்து உண்ணச் சொல்லும்போது மட்டும் நிறைவுற்ற கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் என்று சத்தின் பெயருக்கு மாறிவிடுவார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதற்கு 1977-ஆம் ஆண்டே சான்று. ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான அமெரிக்க செனட் குழு அவ்வாண்டு ஜனவரியில் வெளியிட்ட உணவு இலக்குகளில் இறைச்சி உண்பதைக் குறையுங்கள் என்று நேராக எழுதியிருந்தது. கால்நடைத் தொழிலாரின் எதிர்ப்புக்குப் பின் டிசம்பரில் வந்த திருத்தப் பதிப்பில், நிறைவுற்ற கொழுப்பு உட்கொள்வது குறையும்படியான இறைச்சி வகைகளைத் தேர்ந்தெடுங்கள் என்று அந்த வரி மாறியது. இரண்டாவது வாக்கியத்திலும் பொய் இல்லை. ஆனால் முதல் வாக்கியம் கடைக்காரருக்குக்கூடப் புரியும். இரண்டாவது வாக்கியத்தைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டும்.

இதன் விலை என்னவென்று நான் பென்னாகரம் பக்கத்திலுள்ள ஒரு மலையடிவாரச் சிற்றூரில் கற்றுக்கொண்டேன். அங்கன்வாடியில் கூடியிருந்த தாய்மார்களிடம், கொழுப்பையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் குறையுங்கள் என்று ஏட்டில் இருந்தபடியே மொழிபெயர்த்துச் சொன்னேன், எல்லோரும் தலையசைத்தார்கள். மூன்று மாதம் கழித்து எடை பார்க்கப் போனபோது, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் எடை ஏறவே இல்லை. வீட்டுக்குச் சென்று கேட்டதற்கு, "நீங்க சொன்னதிலிருந்து வேர்க்கடலை, முட்டை எதுவும் தர்றதில்லைங்க மேடம், எல்லாம் கொழுப்பாச்சே" என்றார் அந்தத் தாய். சர்க்கரையைக் குறைத்தீர்களா என்று கேட்டேன். "எங்க வீட்ல யாருக்கும் சர்க்கரை இல்லைங்களே" என்று அவர் பதில் சொன்னபோதுதான், என் வாக்கியம் அவர் காதில் நீரிழிவு நோயைப் பற்றிய பேச்சாக விழுந்திருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. அடுப்பங்கரைப் பலகையில் ஒரு சத்துமாவுப் பான டப்பாவும், அதன் பக்கத்தில் பாதி பிரித்துச் சுருட்டி ரப்பர் வளையம் போட்ட கிரீம் பிஸ்கட் பொட்டலமும் இருந்தன. டப்பாவின் பின்புறம் இருந்த சிறிய எழுத்துகளைக் கண்ணுக்கருகில் பிடித்துப் படித்தேன். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை. நாளுக்கு இரண்டு வேளை அதைப் பாலில் கலக்கி, மேலும் ஒரு கரண்டி ரேஷன் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்து வந்திருக்கிறார். கூலி வேலைக்குப் போகும் அந்தக் குடும்பம், தன் நிலத்தில் விளைந்த கடலையை நிறுத்திவிட்டு, காசு கொடுத்து வாங்கிய சர்க்கரையைப் பிள்ளைக்கு ஊட்டியது. அந்தத் தாய் என் பேச்சை மீறவில்லை. நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்ததால்தான் அப்படி நடந்தது.

பிஸ்கட், குளிர்பானம், சத்துப் பானப் பொடி, உடனடி நூடுல்ஸ் என்று பெயர் சொல்லிப் பேசியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதம் வீணாகியிருக்காது. இப்படிப் பெயர் சொல்லும் துணிவு அரசு ஏடுகளுக்கு வராது என்றும் எண்ண வேண்டாம். பிரேசில் நாடு 2014-இல் வெளியிட்ட நெறிகள் இவற்றைப் பெயர் சொல்லியே தவிர்க்கச் சொல்கின்றன. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட 17 நெறிகளிலும், கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுகளோடு மிகைப் பதப்படுத்திய உணவுகளையும் மிகக் குறைவாகவே உண்ண வேண்டும் என்று ஒரு நெறி இருக்கிறது. அது எந்தக் கடையின் எந்தப் பொட்டலம் என்பதைச் சொல்ல வேண்டியது நம் வேலை.

உப்புக்கும் இதே கதைதான். நாளுக்கு 5 கிராம் உப்பு என்பது நெறி. பொட்டலத்திலோ சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். 2,000 மில்லிகிராம் சோடியம்தான் அந்த 5 கிராம் உப்பு என்ற கணக்கைச் சொல்லித் தராமல், உறையைப் படித்து வாங்குங்கள் என்று மட்டும் சொல்வது வீண்.

ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியை விட்டுவிடுவது

பணம் யார் கொடுத்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

நிறுவனம் இலவசமாகத் தரும் படத்தைச் சுவரில் ஒட்டுவது

ஒட்டாதீர்கள். குழந்தைப் பால்மாவு நிறுவனம் தருவதென்றால், தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பால்மாவு பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தடுக்கிறது.

எல்லாம் விலைக்கு வாங்கப்பட்டவை என்று ஒதுக்கிவிடுவது

பொய்யைத் தேடிக் களைத்தவர்கள் சில ஆண்டுகளில் இந்தப் பக்கம் வந்து நிற்கிறார்கள்; அரசு ஏட்டை மூடிவிட்டு, கைப்பேசியில் வரும் காணொளிகளை நம்பத் தொடங்குகிறார்கள். நெறிகள் பல கைகள் இழுக்கும் கயிறு என்பதே உண்மை. 2003-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் அறிக்கை, உணவின் மொத்த ஆற்றலில் தனிச் சர்க்கரை (உணவில் சேர்க்கும் சர்க்கரையும், தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையும்) 10 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றது. அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலார் சங்கம், அந்நிறுவனத்துக்கு அமெரிக்கா தரும் நிதியை எதிர்த்து முறையிடுவோம் என்று எழுதியே மிரட்டியது. அறிக்கை எண்ணை மாற்றாமல் வெளிவந்தது. ஆனால் அடுத்த ஆண்டு நாடுகள் கூடி ஏற்ற உலக உணவு உத்தியில் அந்த எண் இடம்பெறவில்லை. 2015-இல் வெளிவந்த தனி நெறியில் 10 விழுக்காடு மீண்டும் வந்ததோடு, 5 விழுக்காட்டுக்குக் கீழே குறைப்பது இன்னும் நல்லது என்ற பரிந்துரையும் சேர்ந்தது. கனடாவோ 2019-இல் தன் உணவு வழிகாட்டியை மாற்றியபோது, தொழில் நிறுவனங்கள் எழுதச் சொல்லிப் பெற்ற அறிக்கைகளை ஆதாரமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நெறியில் எண் இருக்கிறதா, பெயர் இருக்கிறதா, முந்தைய பதிப்பிலிருந்து எந்தச் சொல் காணாமற்போனது என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பதே பயனுள்ள ஐயம்.

நம் ஊர்த் தொழில் என்றால் கண்ணை மூடிக்கொள்வது

என் தாய்மாமன் காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். அவர் தோப்புப் பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைக்குத்தான் போகிறது. கிருஷ்ணகிரியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தக் கூழே வருமானம் என்பதை நான் அறிவேன். அதற்காக, பத்தில் ஒரு பங்கு பழச்சாறு இருந்தாலே பழப் பானம் என்று விற்க விதி இடம் கொடுக்கும் ஒரு புட்டியை, நெறிகள் சொல்லும் பழத்தின் கணக்கில் சேர்க்க முடியாது. கேழ்வரகுக்கும் அப்படியே. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 2023 முதல் தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டமும் தொடங்கியது. அந்த நற்பெயரை உறையில் போட்டுக்கொண்டு, உட்பொருள் பட்டியலில் மைதாவும் சர்க்கரையும் முன்னால் நிற்க ராகி பின்னால் நிற்கும் பிஸ்கட்டும் அதே ஊர்க் கடையில் விற்கிறது.

அரூரில் ஒத்திகை முடிந்ததும் பன்னிரண்டு பேரையும் பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த பெட்டிக்கடைக்கு அழைத்துச் சென்றேன். சேர்க்கப்பட்ட சர்க்கரையைக் குறையுங்கள் என்ற வாக்கியத்தை, அந்தக் கடையில் தொங்கும் பொருள்களின் பெயரைக் கொண்டு திருப்பி எழுதச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவர் குறிப்பேட்டில் பத்தொன்பது பெயர்கள் இருந்தன.