மூடிய சுரங்கத்தில் இடர் மதிப்பீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூடப்பட்ட சுரங்கங்களால் மனிதருக்கும் பிற உயிர்களுக்கும் என்ன கேடு வரலாம் என்று மதிப்பிடும் அறிக்கைகளைச் சரிபார்ப்பது இப்போது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் நான் அன்று செய்த தவறுகளையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். லேபிள் ஒட்ட மறப்பது, கையுறை மாற்றாதது போன்றவை முதல் வாரத்திலேயே திருந்திவிடும். அறிக்கை கையெழுத்தாகும் வரை யார் கண்ணிலும் படாத சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெயில் நாளில் மட்டும் தண்ணீர் எடுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு செம்புச் சுரங்கத்தின் கழிவுக் குவியலுக்குக் கீழே ஓடும் ஓடையில் மாதம் ஒருமுறை மாதிரி எடுத்தோம். மழை பெய்தால் அந்த மண்பாதையில் ஜீப் ஏறாது. அதனால் வானம் தெளிந்த நாளாகப் பார்த்துப் போனோம். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு மாதிரி. எல்லாவற்றிலும் செம்பு குறைவு. ஓடைக்கு இடர் குறைவு என்று எழுதிக் கொடுத்தேன்.

குவியலின் அடிவாரக் கற்களில் வெள்ளையும் வெளிர்மஞ்சளும் ஆங்காங்கே நீலப்பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. கையுறை விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். படம்கூட எடுத்து வைத்தேன். அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை. கழிவுக் கல்லிலுள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் ஈரமும் பட்டுச் சிதையும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. அது கல்லிலுள்ள உலோகங்களைக் கரைக்கிறது. ஈரம் வற்றும்போது அமிலமும் உலோகமும் சல்பேட் உப்பாகப் படிந்துவிடுகின்றன. மாதக்கணக்கில் சேர்ந்த அந்த உப்பு, முதல் மழையின் சில மணி நேரத்தில் கரைந்து ஓடையில் இறங்குகிறது. பல இடங்களில் வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே உலோக அளவு உச்சத்தைத் தொட்டுவிடும். மழை ஓய்ந்த பின் பாட்டிலோடு போனால் எதுவும் கிடைக்காது.

வறண்ட மாதங்கள் கழிந்து பெய்த முதல் மழைக்கு மறுநாள், மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. நீர்மட்டம் உயர்ந்ததும் தானாக மாதிரி எடுக்கும் கருவியை அதன் பிறகுதான் வைத்தோம். இன்னொரு ஆண்டு ஆய்வு, இரட்டிப்புச் செலவு.

இத்தனைக்கும் முன்பே தடயம் இருந்தது. குவியலுக்கு மேற்புறம் ஓடைக் கல்லைப் புரட்டினால் நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்கள் நெளிந்தன. கீழ்ப்புறம் கல்லடியில் ஒன்றுமே இல்லை. புழுக்கள் இரவும் பகலும் அந்த நீரிலேயே கிடப்பவை. நாங்களோ மாதத்துக்கு அரை மணி நேரம் நின்றவர்கள். ஆய்வக எண்ணும் ஓடையின் உயிர்களும் முரண்பட்டால், முதலில் மாதிரி எடுத்த நாளைச் சந்தேகியுங்கள்.

குடிநீர் வரம்பை மீனுக்கு வைப்பது

குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். மென்னீரில் (கால்சியம், மெக்னீசியம் உப்புகள் குறைந்த நீரில்) வாழும் டிரவுட் மீன்குஞ்சைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். நீர் மென்மையாக இருந்தால் செம்பின் நச்சு கூடும். ஆகவே கடினத்தன்மையை அளக்காமல் செம்பை மட்டும் அளந்து பயனில்லை.

கல்லையும் சேர்த்து அரைப்பது

மண்ணில் ஈயத்தை அளக்கும்போது மாதிரியைக் கல்லோடு சேர்த்து அரைத்துவிடுகிறார்கள். குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போவது சரளைக்கல் அல்ல, நுண்தூள். ஈயம் பெரும்பாலும் அதில்தான் செறிந்திருக்கும். 150 மைக்ரான் சல்லடையில் சலித்ததை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஈயம் எந்த வடிவில் இருக்கிறது என்றும் கேளுங்கள்: கார்பனேட்டாக இருந்தால் வயிற்றில் எளிதில் கரையும், சல்பைடாக இருந்தால் அவ்வளவு கரையாது. மொத்த அளவு ஒன்றே என்றாலும் இடர் ஒன்றல்ல.

"கண்டறியப்படவில்லை"

ஆய்வக முடிவில் இப்படி எழுதியிருந்தால், எந்த அளவுக்குக் கீழே என்று கேளுங்கள்.

வேலியோடு நின்றுவிடுவது

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிச்சர் என்ற ஊரில், ஈய-துத்தநாகச் சுரங்கத்தின் கழிவுச் சரளை வீட்டுப் பாதைகளுக்கும் குழந்தைகளின் மணல்தொட்டிகளுக்கும் போயிருந்தது. அது சுரங்க வரைபடத்தில் இருக்காது. நீங்கள் ஆராயும் சுரங்கத்தில் வேலை பார்த்த முதியவர்களிடம் உட்கார்ந்து, யார் எத்தனை வண்டி அள்ளிப்போனார்கள், எங்கே கொட்டினார்கள் என்று கேளுங்கள். மாதிரி எடுக்கும் இடங்களை அதற்குப் பிறகு குறியுங்கள்.