மண்ணே வேணாம், வைக்கோல் கட்டுலயே தக்காளி வளர்க்கலாம்

மண்ணு சரியில்ல, ஒரே கல்லா கெடக்கு, இல்ல வீட்டைச் சுத்தி வெறும் சிமெண்ட் தரைதான்னு தோட்டம் போடுறத தள்ளிப்போட்டுட்டே இருக்கீங்களா, உங்களுக்குத்தான் இது. வைக்கோல் கட்டுதான் தொட்டி, அது உள்ள மக்க மக்க அதுவே உரமும் ஆயிடும், வேர் ஜம்முனு ஓடும். ஆனா கட்டு வாங்கிட்டு வந்த அன்னைக்கே நாத்த நட்டுட்டா செடி தேறாது, முதல்ல கட்டைப் பக்குவப்படுத்தணும். கிட்டத்தட்ட ரெண்டு வாரம் ஆகும், அதுக்கு மட்டும் பொறுமை இருந்தா மீதி எல்லாம் ஈஸி.

நெல்லு, கோதுமை எந்த வைக்கோலா இருந்தாலும் ஓகே, ஆனா மாட்டுக்குக் காயவச்ச புல்லுக்கட்டு வேண்டாம், அதுல விதை நிறைய இருக்கும், அப்புறம் களை பிடுங்கியே ஓஞ்சு போயிடுவீங்க. இன்னொண்ணு முக்கியம், அந்த வயல்ல என்ன களைக்கொல்லி அடிச்சாங்கன்னு கேட்டுட்டு வாங்குங்க. குளோபைரலிட், அமினோபைரலிட் மாதிரி மருந்து வைக்கோல்ல மாசக்கணக்குல அப்படியே தங்கும், தக்காளி, பீன்ஸ் இதுக்கெல்லாம் இலை சுருண்டு போயிடும். சந்தேகமா இருந்தா கொஞ்சம் வைக்கோலை நறுக்கி மண்ணோட கலந்து ஒரு சின்ன தொட்டில நாலு பீன்ஸ் விதை போட்டுப் பாருங்க, துளிர் இலை நேரா வந்தா தைரியமா வாங்கலாம்.

நல்லா வெயில் படுற இடமா பாத்து வைங்க, 6 மணி நேரமாவது வெயில் வேணும். இடத்தை முதல்லயே முடிவு பண்ணிடுங்க, ஏன்னா தண்ணி குடிச்சப்புறம் கட்டை நகர்த்தவே முடியாது, அவ்ளோ கனம். மாடில வைக்கிறதா இருந்தா தளம் அந்த கனத்தைத் தாங்குமான்னு கேட்டுட்டு வைங்க. கட்டை வைக்கும்போது கயிறு ரெண்டு பக்கவாட்டுலயும் ஓடணும், வைக்கோலோட அறுத்த முனை மேல பாத்து இருக்கணும், அப்பதான் தண்ணி குழாய்க்குள்ள இறங்குற மாதிரி உள்ள இறங்கும். கயிறை அவுத்துடாதீங்க, மொத்தமும் சரிஞ்சிடும்.

இப்ப பக்குவப்படுத்துறது. முதல் 3 நாள் அடில ஒழுகுற வரைக்கும் தண்ணி மட்டும் ஊத்துங்க. 4வது நாள்லருந்து 6வது நாள் வரைக்கும் தினமும் கட்டுக்கு அரை கப் யூரியாவைத் தூவி தண்ணி விட்டு உள்ள இறக்குங்க, 7லருந்து 9 வரைக்கும் கால் கப் போதும், 10வது நாள் என்பிகே உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூணும் கலந்தது) ஒரு கப். இவ்ளோ உரமான்னு தோணும், ஆனா வைக்கோல்ல கார்பன் ரொம்ப அதிகம், நைட்ரஜன் ரொம்பக் கம்மி, அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் வேணும், நாம குடுக்கலைன்னா செடிக்குப் போக வேண்டியதையும் அதுங்களே எடுத்துக்கும், செடி மஞ்சளா நிக்கும். யூரியா வேணாம்னா நல்லா மக்குன கோழி எரு போடலாம், கூடுதலா ஒரு வாரம் ஆகும்.

இந்த நாட்கள்ல கையை உள்ள விட்டுப் பாத்தீங்கன்னா சூடு சுள்ளுனு தெரியும், 50 டிகிரி தாண்டியும் போகும், நாத்து வேர் வெந்துடும். சூடு அடங்கி உடம்புச் சூட்டுக்குக் கீழ வந்தப்புறம் நடுங்க. வைக்கோலைப் பிரிச்சுப் பாத்தா அங்கங்க கரும்புள்ளி தெரியும், அது நல்ல அறிகுறி, மக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். மேல காளான் முளைச்சாலும் பயப்படாதீங்க, செடிக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா பறிச்சு சமைச்சுடாதீங்க.

நடும்போது கையால ஒரு குழி பண்ணி ரெண்டு பிடி தொழு உரம் போட்டு நாத்தை வைங்க. சராசரி சைஸ் கட்டுக்கு தக்காளின்னா ரெண்டு, மிளகாய், வெள்ளரின்னா மூணு நாலு. கீரை மாதிரி விதைக்கிறதுக்கு மேல ரெண்டு இஞ்ச் மண் கலவை பரப்பிடுங்க, வெறும் வைக்கோல்ல சின்ன விதை காஞ்சு போயிடும். மக்காச்சோளம் மாதிரி உசரமா வளர்றது வேண்டாம், கட்டு இளகினதும் சாஞ்சிடும். தக்காளிக்கு குச்சியை கட்டுல குத்தாம தரைல ஊனுங்க, சிமெண்ட் தரைன்னா பக்கத்துல பந்தல் மாதிரி கட்டிக்கோங்க.

தண்ணிதான் அப்புறம் முழு வேலையும். கட்டு காஞ்சுட்டா மறுபடி நனைக்கிறது பெரிய பாடு, அதனால சொட்டுநீர் குழாய் ஒண்ணு ஓட்டி விடுறது என்னைப் பொறுத்தவரை ரொம்ப நல்லது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கொட்டித் தீத்தீங்கன்னா தக்காளிக்கு கால்சியம் ஒழுங்கா போய்ச் சேராம காயோட அடிப்பாகம் கருத்து அழுகும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தண்ணில கரையுற உரம் குடுங்க, தண்ணியோட சத்தும் கீழ வழிஞ்சு போயிட்டே இருக்கும்.

சீசன் முடியும்போது கட்டு பாதிக்கு மேல அமுங்கி கருப்பா, மண்ணு மாதிரி இருக்கும். ஓரளவு உருவம் நின்னா அதுலயே இன்னொரு தடவை கீரை போடலாம், இல்லன்னா பிரிச்சு மத்த செடிங்களைச் சுத்தி மண்ணு மேல மூடாக்கா பரப்பிடுங்க.