புதிய மென்பவளத்தைத் தொட்டிக்குப் பழக்குதல்: தண்ணீருக்கு அரை மணி நேரம், வெளிச்சத்துக்கு ஒரு மாதம்

பவளத் தொட்டி வைக்கத் தொடங்குபவர்களுக்குக் கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் ‘டோட்ஸ்டூல் லெதர்’ எனப்படும் சார்கோபைட்டான் வகை மென்பவளத்தைத்தான். தடித்த தண்டும் அதன்மேல் குடை விரித்த தலையும் கொண்ட இப்பவளத்தின் தலைப்பகுதியிலிருந்து, ஒவ்வொன்றும் எட்டு உணர்கொம்புகள் உடைய பாலிப்புகள் (பூப்போன்ற சிறு உயிரிகள்) நீண்டு வெளிவரும். எளிதில் சாகாத இனம் இது. ஆயினும் புதியவர்களின் தொட்டியில் இது வாடுவதற்குக் காரணம், தண்ணீருக்குப் பழக்குவதில் மணிக்கணக்கில் செலவிட்டுவிட்டு, வெளிச்சத்தை முதல் நாளே முழு அளவில் விட்டுவிடுவதுதான் என்பது என் கருத்து.

பவளத்தை வாங்கப் போகும் முன் உங்கள் தொட்டியைச் சோதித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 25 அல்லது 26 டிகிரி செல்சியஸ், உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் என்று இருக்க வேண்டும். நைட்ரேட் சிறிதளவு இருப்பது நல்லதே. மென்பவளங்கள் சத்தே இல்லாத தண்ணீரில் செழிப்பதில்லை. கடற்கரையில் கிடைப்பதை எடுத்து வரலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: இந்தியாவில் கடினப் பவளங்களும் கடல்விசிறிகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பெற்ற உயிரினங்களின் பட்டியலில் உள்ளவை. எனவே தொட்டியிலேயே வெட்டி வளர்க்கப்பட்ட ஃபிராகை (பவளத் துண்டை) மட்டும் வாங்குங்கள்.

முதல் படி, வெப்பநிலையைச் சமப்படுத்துவது. தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பவளம் வந்த பையைத் திறக்காமல் சுமார் இருபது நிமிடம் தண்ணீரில் மிதக்க விடுங்கள்.

அடுத்து, பையைத் திறந்து ஒரு துளி நீரை ரெஃப்ராக்டோமீட்டரில் வைத்து உப்புத்தன்மையைப் பாருங்கள். தொட்டி நீருக்கும் பை நீருக்கும் வேறுபாடு ஒன்றிரண்டு பங்குக்குள் இருந்தால் மேலும் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் இருந்தால் பவளத்தைப் பை நீருடன் ஒரு சிறு வாளிக்கு மாற்றி, முடிச்சுப் போட்ட ஏர் டியூப் வழியாகத் தொட்டி நீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டுகளாக விழ விட்டு, அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். நெடுநேரம் பயணித்து வந்த பவளமாக இருந்தால் சொட்டு முறையை இன்னும் நீட்டுவது கெடுதலாகவே முடியும். மூடிய பைக்குள் கரியமில வாயு சேர்வதால் பிஎச் தாழ்ந்திருக்கும். அப்போது கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் பெரும்பகுதி நச்சு குறைந்த அம்மோனியம் என்ற வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டவுடன் பிஎச் ஏறுகிறது, அதே அம்மோனியா நச்சாக மாறுகிறது.

மூன்றாவது படியான டிப்பை, அதாவது ஒட்டுண்ணிகளை நீக்க மருந்து நீரில் முக்குவதைத் தவிர்க்கவே கூடாது. கையுறை அணிந்துகொள்ளுங்கள், பவளங்களின் உறவினமான சோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நச்சு இருப்பதால், எந்தப் பவளத்தையும் வெறுங்கையால் தொடாத பழக்கம் நல்லது. ஒரு டப்பாவில் தொட்டி நீரை எடுத்து, டிப் மருந்தைப் புட்டியில் குறிப்பிட்ட அளவிலேயே கலந்து, குறிப்பிட்ட நேரம் மட்டும் பவளத்தை அதில் வையுங்கள். இடையிடையே பிப்பெட்டால் தண்டின் மடிப்புகளிலும், ஃபிராக் ஒட்டப்பட்டிருக்கும் சிறு அடித்தளமான பிளக்கின் அடியிலும் நீரைப் பீச்சினால், ஒளிந்திருக்கும் தட்டைப்புழுக்களும் ஓடில்லாக் கடல்நத்தைகளும் உதிர்ந்து டப்பாவின் அடியில் நெளிவதைப் பார்க்கலாம். பெரும்பாலான மருந்துகள் முட்டைகளைக் கொல்வதில்லை. ஆகவே பிளக்கின் மேல் வெண்ணிறச் சுருளோ புள்ளிகளோ தெரிந்தால் பிளேடால் சுரண்டி எடுங்கள். பிறகு வேறொரு டப்பாவில் உள்ள தொட்டி நீரில் அலசி, பவளத்தை மட்டும் தொட்டிக்குள் விடுங்கள். பை நீரும் டிப் நீரும் சாக்கடைக்குத்தான் போக வேண்டும்.

இனி வெளிச்சம். பவளத் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவூட்டுகின்றன. மங்கலான கடைத் தொட்டியிலிருந்து வந்த பவளத்தின் மேல் திடீரென வலுவான எல்இடி ஒளி பட்டால், அந்தப் பாசிகள் தாங்கக்கூடியதைவிட மிகுதியான ஒளியாற்றலைப் பெற்று, திசுவைத் தாக்கும் ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்குகின்றன. பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. எனவே தொட்டியின் அடிப்பகுதியில் மணலின் மேல் வைத்து, விளக்கை வழக்கமான அளவில் பாதியாகக் குறைத்து, வாரத்துக்குப் பத்து சதவீதம் வீதம் கூட்டுங்கள். பல விளக்குகளின் செயலியில் இதற்கென்றே அக்ளிமேஷன் மோடு (ஒளியை மெல்லக் கூட்டும் அமைப்பு) இருக்கிறது. தொட்டியில் ஏற்கெனவே ஒளி விரும்பும் பவளங்கள் இருந்தால் விளக்கைக் குறைக்காமல், புதியதை மட்டும் பாறை நிழலில் வைத்து மெல்ல வெளியே நகர்த்துவது மேல்.

பவர்ஹெட் என்னும் நீரோட்டப் பம்பின் நீரோட்டம் நேராகத் தாக்காமல், தொட்டிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து பவளத்தின் மேற்பரப்பை அசைக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். அது ஏன் தேவை என்பது சில நாட்களில் விளங்கும். பவளம் பாலிப்புகளை உள்ளிழுத்துக்கொண்டு சுருங்கும். தலைப்பகுதி மெழுகு பூசியதுபோல் பளபளக்கும். பின்னர் அந்தப் படலம் கிழிந்து துண்டு துண்டாக நீரில் மிதக்கும். மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் களையச் சார்கோபைட்டான் தோலுரிக்கும் விதம் இது. ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரமும் ஆகலாம். இந்நாட்களில் பவளத்தை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதும் மருந்து ஊற்றுவதும் கூடாது. அடித்தண்டு கறுத்துக் குழைந்து துர்நாற்றம் வீசினால் மட்டுமே வெளியே எடுத்து, அழுகிய பகுதியைக் கூரிய பிளேடால் வெட்டி நீக்க வேண்டும்.

லெதர் பவளங்கள் அண்டைப் பவளங்களை ஒடுக்கும் டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் கசியவிடுகின்றன. ஆக்டிவேட்டட் கார்பனை ஃபில்டரில் வைத்து மாதந்தோறும் மாற்றுவதும், சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விடுவதும் போதும். பாலிப்புகள் நாள்தோறும் முழுமையாக விரியத் தொடங்கிய பிறகு, பிளக்கைப் பசையால் பாறையில் நிரந்தரமாக ஒட்டிவிடலாம். பசை பிளக்கில் மட்டும் படட்டும், வழுவழுப்பான திசுவில் அது நிற்காது.