புது பைக் வாங்கியாச்சா? ஹெல்மெட்டில் தொடங்கி பூட்டு வரை

ஷோரூமில் பைக்குக்குப் பணம் கட்டும்போதே ஆக்சசரீஸ் பட்டியல் ஒன்றை நீட்டுவார்கள். கிராஷ் கார்டு, சீட் கவர், டேங்க் பேட், பாலிஷ். அதில் பெரும்பாலானவை வண்டியைக் காப்பவை, ஓட்டுகிறவரை அல்ல. வண்டியில் கீறல் விழுந்தால் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தை முதலில் உங்கள் உடம்புக்குச் செலவழியுங்கள். முதல் பைக்கை இப்போதுதான் எடுத்திருக்கிறவர்களுக்கு, எதை எந்த வரிசையில் வாங்குவது, வண்டியை எப்படிப் பூட்டுவது என்று இங்கே சொல்கிறேன்.

படி 1: தலையை அளந்துகொள்ளுங்கள்

வண்டியோடு கொடுக்கும் ஹெல்மெட்டை அளவு பார்க்காமல் மாட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தையற்காரர் வைத்திருப்பது போன்ற டேப்பை, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே வைத்து, பின்தலையின் பெருத்த பகுதி வழியாகச் சுற்றி அளங்கள். வரும் சென்டிமீட்டர் கணக்கை அந்தந்தக் கம்பெனியின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியில் லார்ஜாக இருக்கும்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? ஹெல்மெட்டின் வெளி ஓடு அடியைப் பரவலாக்குகிறது. உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மாகோல் நசுங்கி அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. தலை அதோடு ஒட்டி இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். தொளதொளவென்று இருந்தால் விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும்.

படி 2: கடையிலேயே சோதித்துப் பாருங்கள்

முகம் முழுக்க மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டையே எடுங்கள். பாதித் தலையை மூடும் தொப்பி வகை தாடையைக் காப்பாற்றாது. போட்டதும் கன்னம் லேசாக உப்பி அழுந்த வேண்டும். புதிதில் அப்படித்தான் இருக்கும், உள் பஞ்சு போகப் போக இளகும். தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். ஹெல்மெட் தனியாகச் சுழலக் கூடாது. அப்புறம் ஸ்ட்ராப்பைப் போட்டுக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த அளவு வேண்டாம்.

பதினைந்து நிமிடம் போட்டபடியே இருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நெற்றியில் ஒரே இடத்தில் வலித்துச் சிவந்தால், அந்த மாடலின் உள்வடிவம் உங்கள் தலைக்கு ஒத்துவரவில்லை. ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது இதற்குத் தீர்வு இல்லை. வேறு மாடல் பாருங்கள். கொண்டையும் கிளிப்பும் போட்ட தலையில் ஹெல்மெட் சரியாக உட்காராது. பெண்கள் முடியைக் கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னிக்கொண்டு போட்டுப் பார்ப்பது நல்லது. வியர்வைக்காக உள்ளே துணி கட்டுகிறவர்கள் மெல்லிய பருத்தித் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தடித்த டவல் அளவையே கெடுத்துவிடும்.

முத்திரையையும் பாருங்கள். ஐஎஸ்ஐ குறிக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற ஹெல்மெட்டுக்கான தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும். சாலையோரத்தில் தொங்கும் ஹெல்மெட்டில் வெறும் ஸ்டிக்கராகக்கூட ஐஎஸ்ஐ ஒட்டியிருப்பார்கள், அதனால் இந்த ஒரு நிமிட வேலையை விடாதீர்கள். ஐரோப்பியத் தரமான ஈசிஈ 22.06 இருக்கும் ஹெல்மெட்டைச் சாய்வாக மோதும் அடிக்கும் சோதித்திருப்பார்கள். ஆனால் நம் ஊரில் ஐஎஸ்ஐ கட்டாயம், ஆகவே இரண்டும் சேர்ந்து இருக்கிற மாடலாகப் பாருங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே ஐஎஸ்ஐ ஃபுல் ஃபேஸ் கிடைக்கிறது. சரியான அளவில் இருக்கும் அதுவே, தொளதொளக்கும் விலையுயர்ந்த ஹெல்மெட்டைவிட மேல்.

பின்னால் உட்காருகிறவருக்கும் இதே தரத்தில் ஒன்று வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு இருவருக்கும் பொருந்தும். மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றினால், ஓட்டுநரோடு பிணைக்கும் பெல்ட்டும் குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. விதி இருக்கிறதோ இல்லையோ, குழந்தையை வெறும் தலையோடு டேங்க்கில் உட்கார வைப்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

ஹெல்மெட்டை மிரரில் கவிழ்த்து மாட்டாதீர்கள். மிரர் நுனி குத்தி உள்ளிருக்கும் தெர்மாகோலில் குழி விழும், பட்ட இடம் பழையபடி எழும்பாது. ஒரு விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டும் அப்படித்தான், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். சுத்தம் செய்யக் குழந்தை ஷாம்புவும் தண்ணீரும் போதும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகக் கூடாது.

படி 3: கையும் காலும்

விழும்போது யாரும் யோசித்துக் கையை ஊன்றுவதில்லை, அது தானாக முன்னால் போகிறது. அதனால் ஹெல்மெட்டுக்கு அடுத்த செலவு ஜாக்கெட் அல்ல, கிளவுஸ். விரல்களை முழுக்க மூடுவதாக, உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கும் தன்மையுள்ள கெட்டிப் பட்டை வைத்ததாக, மணிக்கட்டில் இறுக்கும் பட்டி உள்ளதாக எடுங்கள். கடையிலேயே மாட்டிக்கொண்டு உங்கள் வண்டியின் பிரேக், கிளட்ச், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் அழுத்திப் பாருங்கள்.

செருப்போடு ஓட்டாதீர்கள். ரைடிங் பூட்ஸ் வாங்க முடியாவிட்டால், கணுக்காலை மூடும் கெட்டியான ஷூ போதும். லேஸ் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். கியர் லீவரிலோ ஃபுட்ரெஸ்ட்டிலோ மாட்டினால், சிக்னலில் கால் ஊன்ற முடியாமல் அப்படியே சாய வேண்டியதுதான். துப்பட்டாவை இரண்டு பக்கமும் சுற்றி முடிந்துகொள்ளுங்கள். பின்சக்கரத்தின் பக்கம் இருக்கும் சேலை கார்டை அழகுக்காகக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இருந்தே ஆக வேண்டும் என்பது விதி.

படி 4: ஜாக்கெட்

சென்னை, மதுரை வெயிலுக்கு மெஷ் ஜாக்கெட்தான் சரி. காற்று உள்ளே போகும், ஆகவே தினமும் போடுவீர்கள். பீரோவில் தொங்கும் தோல் ஜாக்கெட்டால் என்ன பயன்? லேபிளில் இஎன் 17092 என்ற ஐரோப்பியத் தர எண்ணைத் தேடுங்கள். ஏஏஏ மிக உறுதி, ஏஏ நடுத்தரம், ஏ நகர ஓட்டத்துக்கு. தோள், முழங்கை, முதுகுக் கவசங்களில் லெவல் 1, லெவல் 2 என்று இருக்கும். முதுகுக்கான லெவல் 2 கவசத்தைத் தாண்டி உடம்புக்குப் போகும் அடி, லெவல் 1-க்கு அனுமதித்திருப்பதில் பாதிதான். பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையில் வெறும் ஸ்பாஞ்ச்தான் இருக்கும், எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

போட்டுக்கொண்டு வண்டி ஓட்டும் வாட்டத்தில் உட்காருங்கள். முழங்கைக் கவசம் முழங்கை மேலேயே நிற்க வேண்டும். காலுக்கு இப்போதைக்குத் தனி பேன்ட் முடியாவிட்டால், பேன்ட் மேலே கட்டும் முழங்கால் கார்டு வாங்கிக்கொள்ளலாம்.

படி 5: பூட்டுவது

எந்தப் பூட்டையும் உடைக்க முடியும். திருடனுக்குத் தேவையானது நேரமும் மறைவும். இரண்டையும் கொடுக்காமல் இருப்பதுதான் நம் வேலை. வெளிச்சமான, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். ரயில் நிலையத்தில் டோக்கன் கொடுக்கும் ஸ்டாண்ட் இருக்கும்போது, பத்து இருபது ரூபாய்க்காக வெளியே தெருவில் விடாதீர்கள்.

ஹேண்டில் லாக்கை எப்போதும் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பலமாகத் திருப்பினால் அது விட்டுவிடும். அடுத்தது டிஸ்க் லாக், அதாவது சக்கரம் சுழலாதபடி பிரேக் டிஸ்க்கில் மாட்டும் பூட்டு. அலாரம் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. இதில் ஒரு ஆபத்து உண்டு: பூட்டியதை மறந்து வண்டியை எடுத்தால் கீழே விழுவீர்கள், டிஸ்க்கும் வளையும். பூட்டிலிருந்து ஹேண்டில் வரை இழுத்து மாட்டும் கலர் ஒயரை அதற்காகத்தான் கொடுக்கிறார்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டிஸ்க் லாக் போட்ட வண்டியையும் இரண்டு பேர் தூக்கி மினி லாரியில் ஏற்றிவிடலாம். ராத்திரி முழுக்கத் தெருவில் நிற்கும் வண்டிக்கு செயின் அவசியம். செயினை வண்டியின் ஃபிரேம் வழியாகவோ பின்சக்கரம் வழியாகவோ விட்டு, அசையாத கிரில் அல்லது தூணோடு சேர்த்துப் பூட்டுங்கள். முன்சக்கரத்தில் மட்டும் போட்டால் சக்கரத்தைக் கழற்றி விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோவார்கள். செயின் தரையில் கிடக்கக் கூடாது. தரை தாங்கல் கொடுத்தால் சுத்தியலால் அடிப்பதும் கட்டரை ஊன்றி அழுத்துவதும் சுலபம். சாவித் துவாரம் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும்.

கவர் போட்டு மூடுவது சாதாரண விஷயம்தான், ஆனால் என்ன வண்டி என்று தெரியாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு. விலை கூடிய வண்டி என்றால் ஜிபிஎஸ் டிராக்கர் ஒன்றை வெளியே தெரியாத இடத்தில் பொருத்தலாம்.

படி 6: காகிதங்கள்

இதைப் பலர் கவனிப்பதில்லை. 2018 செப்டம்பர் முதல் வாங்கும் புது டூவீலருக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ், அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ், கட்டாயம். பாலிசியில் ஐந்து வருடம் என்று இருப்பதைப் பார்த்து, எல்லாமே அதுவரை இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் வண்டி திருடு போனால் பணம் கிடைப்பது ஓன் டேமேஜ் பகுதியில். அது பெரும்பாலும் ஒரே வருடத்துக்குத்தான் இருக்கும். முடியும் தேதியைப் பார்த்து வருடா வருடம் புதுப்பியுங்கள்.

இரண்டாவது சாவியை வீட்டில் பத்திரமாக வையுங்கள். திருட்டு க்ளெய்ம் கேட்கும்போது கம்பெனிகள் வழக்கமாக இரண்டு சாவியையும் கேட்கும். ஒரிஜினல் ஆர்சியை சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், டிஜிலாக்கரில் இருப்பதே போலீஸிடம் காட்டப் போதும். இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

வண்டி காணாமல் போனது தெரிந்ததும் 100 அல்லது 112-க்கு போன் செய்துவிட்டு, அன்றே ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து எஃப்ஐஆர் நகலை வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே சொல்லுங்கள், தாமதத்தைக் காட்டி இழுத்தடிப்பது உண்டு. வண்டி கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்றிதழ் வந்தால்தான் க்ளெய்ம் முடியும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். லோன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்த வங்கிக்கும், அதோடு ஆர்டிஓ அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கி வையுங்கள்.