வியர்க்கட்டும், சிலிர்க்கட்டும்: பள்ளிக்கு ஒரு தோல் மாதிரி

அறிவியல் கண்காட்சி அறிவித்ததும் என் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது "தோல் செய்யலாமா மிஸ்?" என்று வருவார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் தெர்மாகோலை மூன்று அடுக்காக ஒட்டி, வண்ணம் அடித்து, குண்டூசியில் பெயர்களைக் குத்தி வைத்தால் அது படம்தான். 'இயங்கும் மாதிரி' என்று கேட்டிருந்தால் தோல் செய்கிற வேலை அதில் நடக்க வேண்டும். வியர்க்க வேண்டும், வியர்த்தால் குளிர வேண்டும், முடி சிலிர்க்க வேண்டும், தொட்டால் தெரிய வேண்டும். இவை நான்கையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடலாம். பெற்றோர் செய்ய வேண்டியது கத்தி பிடிப்பதும், மருந்துக் கடைக்குக் கூட வருவதும் மட்டுமே.

முதலில் அளவு. இதை விட்டுவிட்டு நேரே வெட்ட உட்காராதீர்கள். நான் சொல்வது 50 மடங்கு பெரிதாக்கிய முன்கைத் தோல். மேல்தோல் அங்கே ஏறத்தாழ 0.1 மி.மீ.; 50 மடங்கு என்றால் 5 மி.மீ. உள்தோல் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 75 மி.மீ., அதாவது மூன்று அங்குலம். அதற்குக் கீழே தோலடிக் கொழுப்பு. அதன் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும், எனவே 5 செ.மீ. வைத்துவிட்டு, அடி விளிம்பை வளைவுநெளிவாக வெட்டி "இன்னும் கீழே தொடர்கிறது" என்று எழுதிவிடுங்கள். 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள கட்டி போதும். உண்மையில் அது 6 மி.மீ.க்கு 4 மி.மீ. தோல், கையில் ஒரு மிளகை வைத்தால் மறைகிற இடம். பார்க்க வருபவர்களிடம் இதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் அவர்கள் உங்கள் மாதிரியைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

இந்த அளவில் செய்தால் ஒரு விஷயம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்: மேல்தோல் எவ்வளவு மெல்லியது என்பது. பல மாதிரிகளில் மூன்று அடுக்கும் ஒரே தடிமனில் இருக்கும், அது தவறான பாடம்.

பொருட்களுக்கு வருவோம். உள்தோலுக்கு மெத்தைக் கடையில் வெட்டி ஒதுக்கிய ஃபோம் துண்டு. கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ரொம்ப மெத்தென்று இல்லாமல் கொஞ்சம் கெட்டியானதாகப் பாருங்கள். மேல்தோலுக்கு ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் 5 மி.மீ. ஃபோம் ஷீட். கொழுப்புக்குத் தெர்மாகோல், உருண்டை உருண்டையாகச் செதுக்கி மஞ்சள் போஸ்டர் கலர் அடியுங்கள். தெர்மாகோலில் படும் இடத்துக்கெல்லாம் ஃபெவிகால் மட்டும்தான். ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயிண்ட்டும் பட்டால் அது கரைந்து குழி விழுந்துவிடும். ஃபோமை ஃபோமோடு ஒட்ட ரப்பர் பசைதான் நிற்கும்.

மேல்தோலுக்கு ரோஸ் கலர் அடிக்காதீர்கள். இதை ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன், விடாமல் சொல்வேன். நம் கையைப் பார்த்து நம் நிறத்தைக் கலந்து அடியுங்கள். மேல்தோலின் அடி வரிசையில் அங்கங்கே கரும்பழுப்புப் புள்ளிகள் வையுங்கள். அவை மெலனின் தயாரிக்கும் செல்கள். அந்தச் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின், எந்த வகை மெலனின் தயாரிக்கின்றன என்பதில்தான் நிறம் மாறுகிறது. கண்காட்சிக்கு வரும் பிள்ளைகளில் தன் நிறத்தைப் பற்றிக் கிண்டல் கேட்டு வளரும் குழந்தை நிச்சயம் இருக்கும். அந்தக் குழந்தை தன் தோலை அந்த மேசையில் பார்க்கட்டும்.

மேல்தோலின் உச்சியில் உள்ள இறந்த செல் அடுக்குக்குப் பூண்டுத் தோல் மிகப் பொருத்தம். சிறு சிறு துண்டுகளாக்கி, ஒரு ஓரத்தில் மட்டும் பசை தொட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுங்கள். விரலால் தேய்த்தால் உதிரும். அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகிறது.

இனி வியர்வை. என்னைக் கேட்டால் மாதிரியின் உயிரே இதுதான், நேரத்தை இதில் செலவழியுங்கள்.

மருந்துக் கடையில் புதிய சலைன் செட் (குளுக்கோஸ் ஏற்றும் குழாய்) ஒன்று வாங்குங்கள். ஊசி இருந்தால் அதைப் பெரியவர் ஒருவர் கழற்றிப் பத்திரமாக அப்புறப்படுத்தட்டும். ஒரு தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டி, மூடியில் துளை போட்டு, செட்டின் கூர்முனையைச் செருகி, சுற்றி எம்-சீல் வைத்து அடையுங்கள். பாட்டிலின் அடிப்பக்கம், அதாவது இப்போது மேலே இருக்கும் பக்கம், ஒரு சிறு காற்றுத் துளை வேண்டும். அது இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். பாட்டிலை மாதிரிக்கு ஒரு முழ உயரத்தில் தொங்கவிடுங்கள்.

குழாயைக் கட்டியின் பின்புறமாக நுழைத்து, உள்தோலும் கொழுப்பும் சேரும் இடத்துக்கு அருகே முன்பக்கம் தெரியும்படி நாலைந்து சுற்றாகச் சுருட்டி வையுங்கள். சுருள்தான் வியர்வைச் சுரப்பி. அங்கிருந்து நேராக மேலே கொண்டுபோய் மேல்தோலைத் துளைத்து வெளியே விட்டால் அது நாளம், வாய் வியர்வைத் துளை. நம் உடம்பில் இப்படி 20 முதல் 40 லட்சம் இருக்கின்றன. நம் அளவுக்கு இந்தக் குழாய் தடிமன் அதிகம். அதை அட்டையில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். மதிப்பெண் குறையாது, மதிப்புக் கூடும்.

துளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய பழைய வேட்டித் துணியைப் பரப்பி ஓரங்களைக் குத்திவையுங்கள். துணிக்கு அடியில் ஃபோம் நனையாமல் ஒரு பாலித்தீன் தாள். துணிக்கும் தாளுக்கும் நடுவே, மீன்தொட்டிக்கு விற்கும் ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையைச் செருகுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது உடம்புச் சூட்டை ஒட்டிய சில டிகிரிக்குள்தான் காட்டும்.

உலர்ந்த துணியில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். சலைன் குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் திறந்து நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சொட்டு வரும்படி வையுங்கள். துணி ஈரமானதும் விசிறியால் வீசுங்கள். எண் இறங்கும். தண்ணீர் முன்னமே அறையின் சூட்டில் இருக்க வேண்டும், பானைத் தண்ணீர் ஊற்றினால் சோதனை கெட்டது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் தோலிலிருந்து போகிறது, தோல் குளிர்கிறது.

எங்கள் கடலூர் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். இங்கே மூன்று நான்கு டிகிரி இறங்கினாலே நல்ல முடிவு. உள்ளே வறண்ட ஊர்களில், கோடை மதியத்தில், இதைவிட நன்றாக இறங்கும். எண் குறைவாக இறங்கியது என்று பிள்ளைகள் முகம் வாடினால், அதுதான் கண்டுபிடிப்பு என்று சொல்லுங்கள். புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டியும் ஏன் குளிர்வதில்லை என்பதற்கு விடை அந்த எண்ணில் இருக்கிறது: வியர்வை வழிந்து ஓடினால் பயனில்லை, ஆவியாக வேண்டும். இதற்குப் பிறகு துணியை ஒரு பாலித்தீன் உறையால் மூடி, எண் மெல்ல ஏறுவதையும் காட்டுங்கள். நைலான் சட்டையில் ஏன் வேகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது முடி. 50 மடங்கில் ஒரு முடியின் தடிமன் மூன்று, மூன்றரை மி.மீ. வரும். தீர்ந்துபோன பேனா ரீஃபில் கிட்டத்தட்ட அதே தடிமன்தான்! கழுவிக் கறுப்பு அடித்தால் முடி தயார். மூன்று போதும். மூன்றையும் ஒரே பக்கம் சாய்த்து நடுங்கள். மேல்தோல் மட்டத்தில் ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு தையல் ஊசியைச் செருகினால் அது அச்சு. கீழ்முனை இரு பக்கமும் அசைய உள்தோலில் முக்கோண வடிவில் இடம் வெட்டிவிடுங்கள்.

இப்போது தசை. முடியின் நுனி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்தில்தான் சிலிர்ப்புத் தசை இருக்கும். ரீஃபிலின் கீழ்முனையில் சிவப்பு நூலைக் கட்டி, அந்தப் பக்கமாகச் சாய்வாக மேலே கொண்டுபோய், மேல்தோலுக்குச் சற்றுக் கீழே ஒரு குண்டூசி வளையத்தில் கோத்துப் பின்னால் வெளியே எடுங்கள். எதிர்ப் பக்கம் ஒரு சிறு ரப்பர் பேண்ட். மூன்று நூலையும் ஒரு ஐஸ் குச்சியில் கட்டி இழுத்தால் மூன்று முடியும் ஒன்றாக நிமிரும், விட்டால் சாயும். நூலை மாற்றிக் கட்டினால் முடி இன்னும் படுத்துவிடும், நிமிராது. எனவே நடும் முன்பே அட்டையில் ஒரு முடி செய்து இழுத்துப் பாருங்கள். முடிக்குழியின் பக்கத்தில் மஞ்சள் களிமண்ணால் ஒரு சிறு திராட்சைக் கொத்துபோல எண்ணெய்ச் சுரப்பி வையுங்கள். அதன் வாய் முடிக்குழிக்குள் திறக்கிறது, வியர்வை நாளத்தோடு சேராது.

இரத்தக் குழாய்க்கு மீன்தொட்டிக் காற்றுக் குழாய். உள்தோலின் மேல்பகுதியில் முன்பக்கம் தெரிய வளைத்து, இரு முனையிலும் ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்ச். ஒன்றில் சிவப்புத் தண்ணீர். தள்ளினால் குழாய் நிறையும்: வெயிலில் இரத்தம் தோலை நோக்கி வருகிறது. இழுத்தால் வெளுக்கும்: குளிரில் உள்ளே போகிறது. குழாய் மேல்தோலுக்குள் போகவே கூடாது, அங்கே இரத்தக் குழாய் கிடையாது. லேசாகச் சிராய்த்தால் இரத்தம் வராததன் காரணமும் அதுதான்.

தொடு உணர்வில் மட்டும் கொஞ்சம் கவனம். பாடநூல் படங்களில் முடியும் இருக்கும், மெல்லிய தொடுதலை உணரும் மைஸ்னர் உறுப்பும் இருக்கும். உண்மையில் மைஸ்னர் உறுப்புகள் முடியில்லாத உள்ளங்கை, விரல்நுனி, உதடு போன்ற இடங்களுக்குரியவை. முன்கையில் முடியே தொடு கருவி. முடிக்குழியைச் சுற்றியுள்ள நரம்பு முனைகள் முடி அசைவதை உணர்கின்றன. நாம் செய்வது முன்கை, எனவே முடியையே சுவிட்ச் ஆக்கிவிடலாம். பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை எம்-சீலில் நட்டு, அதன் நடுவே, படாமல், கெட்டியான செம்புக் கம்பி ஒன்றை நிறுத்துங்கள். கம்பியை லேசாக அசைத்தால் ஸ்பிரிங்கில் பட்டு எல்இடி எரியும். 9 வோல்ட் பேட்டரி, எல்இடியோடு தொடராக 470 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான் மின்சுற்று.

ஆழ அழுத்தத்துக்கு, அலுமினியத் தாள் சுற்றிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே துளையிட்ட மெல்லிய ஸ்பாஞ்ச். இதை உள்தோலுக்கு அடியில், தெர்மாகோல் மேல் வையுங்கள். மேலே விரல் வைத்தால் ஒன்றும் ஆகாது. உள்ளங்கையை ஊன்றி அழுத்தினால் பஸ்ஸர் அலறும். ஆழத்தில் இருக்கும் பாசினியன் உறுப்பின் வேலை இது.

பத்தாம் வகுப்பு என்றால் வெப்ப உணர்வையும் சேர்க்கலாம். 10 கே (கிலோ ஓம்) தெர்மிஸ்டரை, அதாவது சூடேறினால் மின்தடை குறையும் வகையை, பேட்டரியின் நேர்முனைக்கும் பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் நடுவே வையுங்கள், பேஸிலிருந்து எதிர்முனைக்கு 1 கே பிரீசெட் (திருகி மாற்றும் மின்தடை), கலெக்டர் பக்கம் ரெசிஸ்டரோடு எல்இடி, எமிட்டர் எதிர்முனைக்கு. எல்இடி அணைந்து நிற்கும் விளிம்பில் பிரீசெட்டைத் திருப்பி வையுங்கள். நம் ஊர் வெயிலில் விரல் வைத்தால் எரியாமல் போகலாம், ஏனென்றால் அறையே விரல் சூட்டில் இருக்கும். வெந்நீர் ஊற்றிய டம்ளரைத் தொடவைத்தால் உடனே எரியும். இங்கே மிளகாய் பற்றியும் சொல்லுங்கள். மிளகாய் நறுக்கிய கை எரிவது ஏன்? சூட்டை உணரும் அதே ஏற்பியை மிளகாயின் காப்சைசினும் தூண்டுகிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கும், அழுத்த ஏற்பிகளுக்காக ஆர்டெம் படாபூட்டியனுக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் மேசையில் இருக்கும் இரண்டு எல்இடிகளும் ஒரு பஸ்ஸரும் சொல்வது அந்தக் கதையைத்தான்.

தண்ணீர் இடது பாதியில், மின்சாரம் வலது பாதியில். நடுவே ஒரு பாலித்தீன் தடுப்பு. பேட்டரி மட்டும், சுவர் பிளக் எதுவும் வேண்டாம். அடியில் ஒரு தட்டு வையுங்கள், மாலைக்குள் நல்ல தண்ணீர் சேரும்.

கண்காட்சிக்கு எடுத்துப் போகும்போது பாட்டிலைக் காலி செய்து குழாயின் உருளையை மூடிவிடுங்கள். சிரிஞ்சுகளை டேப் போட்டு ஒட்டுங்கள், வழியில் அழுந்தினால் சிவப்புத் தண்ணீர் எல்லாவற்றிலும் இறங்கும். கூடுதலாக ஒரு பேட்டரி, கொஞ்சம் பூண்டுத் தோல், ரப்பர் பேண்ட், காய்ந்த துணி ஒன்று பையில் இருக்கட்டும். கூட்டம் வந்து தேய்த்துப் பார்க்கும், பூண்டுத் தோல்தான் முதலில் தீரும்.