மட்டக்களப்பில் பேய் நாவல் எழுதுகிறவர்கள் விடும் தவறுகள்

சிறுவயதில் நான்கு பிள்ளைகளுக்கு ஏதோ நடந்தது. வளர்ந்து திசைக்கொருவராகப் போனார்கள். திரும்பி வரும்போது அதே பழைய எதிரி வாவிக்கரையில் இருக்கிறது. எந்த ஊரில் வைத்தாலும் எடுபடும் கதைதான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வைத்து எழுதும்போது மட்டும் சில இடங்களில் வழக்கமாகச் சறுக்கிவிடுகிறது.

பேரழிவுகளைப் பேயின் கணக்கில் எழுதுவது அதில் பெரிய சறுக்கல். 1978 நவம்பரில் சூறாவளி, 2004 டிசம்பரில் சுனாமி, இடையில் 26 வருஷம். இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலருக்குக் கை துறுதுறுக்கும்: பூதம் 26 வருஷத்துக்கு ஒருமுறை விழிக்கிறது! தயவுசெய்து வேண்டாம். சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறைக் கரையோரம். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள், உங்கள் நாவலை வாசிக்கவும் போகிறார்கள். சூறாவளி சூறாவளியாகவே வரட்டும். அந்த இரவில் கூரை பறந்த வீட்டுக்குள் ஒரு பிள்ளை எதைப் பார்த்தது என்பதுதான் உங்களுடைய கதை. வயதுக் கணக்கும் முக்கியம். 1978இல் பத்து வயது என்றால் 2004இல் 36. அவருக்குப் பேரப்பிள்ளைகளைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது, பாத்திரங்கள் பேயைப் பார்த்து வியப்பது. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொல்லும் ஊர் இது. பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல் விடவில்லை என்றால் டொக்டரிடமும் காட்டுவார்கள், பார்வையும் பார்ப்பார்கள், நூலும் கட்டுவார்கள். முஸ்லிம் வீடுகளில் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். முந்நூறு பக்கத்தில் ஒருவர்கூட மந்திரிக்கிற கட்டாடியார் ஒருவரைத் தேடிப் போகவில்லை என்றால் வாசகர் சிரித்துவிடுவார். போகட்டும், பேயை விரட்டக் கழிப்புச் சடங்கு கழிக்கட்டும். அப்படியும் பேய் ஏன் விலகவில்லை என்ற கேள்வியில்தான் பயம் ஆரம்பிக்கிறது.

போர்க்காலத்தில் காணாமற்போன பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுகிறவர்களிடம் வாக்குக் கேட்டார்கள். வேறு யாரும் பதில் சொல்லாத காலம் அது. இதைப் பின்னணி அலங்காரமாகப் போட்டு வீணாக்குகிறார்கள். உங்கள் எதிரி அப்படியொரு தாயின் வாசலில் நின்று, “மகன் இருக்கிறான், கூட்டி வந்திருக்கிறேன், கதவைத் திற” என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? இதற்கு முன்னால் கொம்பும் கோரைப்பல்லும் எம்மாத்திரம்.

வாவியில் நிலவு இரவில் கேட்கும் ஓசையைப் பாடும் மீன் என்பார்கள், அதையும் சொல்ல வேண்டும். கல்லடிப் பாலமும் பூரண நிலவும் இல்லாத மட்டக்களப்பு நாவல் அபூர்வம். அந்த ஓசையைப் பேயின் அழுகை என்று எழுதினால் உள்ளூரில் யாரும் பயப்பட மாட்டார்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிக் காதை வைக்கும் பையனுக்கு மீன் சத்தம் கேட்காமல், செத்துப்போன அம்மம்மாவின் குரலில் “மனே, இறங்கி வா” என்று கேட்டால் சரி, அங்கே நாவல் ஓடும்.

சிறுவயதுக் காயத்தை நேர்கோட்டுக் கதையாக நினைவுகூர வைப்பதும் பிழை. போர் மறுபடி மூண்ட 1990ஐ ஏழு வயதில் பார்த்தவனுக்குத் தேதியும் அரசியலும் ஞாபகம் இருக்காது. குப்பி விளக்கின் மண்ணெண்ணெய் மணம் இருக்கும், ஹெலிச் சத்தத்துக்குத் தன் வாயைப் பொத்திய கை இருக்கும், அது யாருடைய கை என்பது இருக்காது. போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண், சாயம், கதை, நாடகம் என்று விளையாடித்தான் மனதிலிருந்ததை வெளியே கொண்டுவந்தார்கள். உங்கள் பாத்திரம் மட்டும் ஒரே மூச்சில் பத்துப் பக்கம் ஒப்புவிப்பது எப்படி?

வீடு. கதாநாயகன் கனடாவிலிருந்து வந்து, பரம்பரை வீட்டின் திறப்போடு தனியாக உள்ளே போகிறான். எழுதியவருக்கு ஊர் வழக்கம் தெரியாது என்று அங்கேயே பிடிபட்டுவிடும். இங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம், குடி என்கிற குலப்பிரிவும் தாய்வழி, கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே அவன் வந்து இறங்குவது அக்காவின் வீட்டில். விறாந்தையில் பாய் போட்டுக் கொடுப்பார்கள், எத்தனை நாள் லீவு என்று அத்தான் பக்குவமாகக் கேட்பார். பயத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. அவன் ஓடிப்போனவன். அதே கிணற்றடியில் முப்பது வருஷம் தண்ணீர் அள்ளியவள் அக்கா. பொழுதுபட முன்னம் பின்வளவுப் படலையை ஏன் கயிறு போட்டுக் கட்டுகிறாள்? கேட்டால் “நாய் வரும்” என்கிறாள். அந்த வளவில் நாய் வந்ததே இல்லை.

எதிரியைப் பக்கத்து ஊர்க்காரனாக்குவது மலிவான வேலை. தமிழர் எழுதினால் முஸ்லிம் ஊரிலிருந்து வருகிறது, முஸ்லிம் எழுதினால் தமிழ் ஊரிலிருந்து. அதைவிட மோசம், மனிதர் செய்ததையெல்லாம் பேயின் தலையில் கட்டுவது. பிள்ளையிடம் வாயைத் திறக்காதே என்று சொன்ன மாமாவுக்கு உண்மையில் பேய் பிடித்திருந்தது என்று முடித்தால், அவரை விடுதலை செய்தது நீங்கள்தான். பேய் அந்த மௌனத்தைத் தின்று வளரட்டும், செய்த குற்றம் மாமாவுடையதாகவே இருக்கட்டும். கடைசி அத்தியாயத்திலும் அவர் கோயில் சடங்கில் முன்வரிசையில் நிற்கட்டும், வளர்ந்த பிள்ளைகள் நால்வரும் அவருக்கு நேரே போய் நிற்கட்டும்.