உடம்புக்கும் பயிற்சிக்கும் ஏற்ற டயட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கீட்டோவா (மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் முறை), பேலியோவா (ஆதிமனிதர்கள் சாப்பிட்டதாகச் சொல்லப்படும் உணவு முறை), 16 மணி நேர விரதமா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைக் கொழுப்பு குறைவாகவும் இன்னொரு குழுவை மாவுச்சத்து குறைவாகவும் ஒரு வருடம் சாப்பிட வைத்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு குழுவும் சராசரியாக 5, 6 கிலோ குறைந்திருந்தது, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே குழுவுக்குள்ளேயே சிலர் ஏகப்பட்ட எடை குறைந்திருந்தார்கள், சிலருக்கு ஏறியே இருந்தது! யாருக்கு எது ஒத்துவரும் என்று மரபணுவை வைத்துச் சொல்ல முடிகிறதா என்றும் பார்த்தார்கள், முடியவில்லை. அதனால் உங்களுக்கு எது சரி என்பதை உங்கள் உடம்பை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போலச் சாப்பிடுங்கள், சாப்பிட்டதை எல்லாம் எழுதுங்கள். சமையல் எண்ணெய், டீயில் போடும் சர்க்கரை, நடுவில் கொறித்தது எல்லாம் கணக்கில் வர வேண்டும், பெரும்பாலும் அங்கேதான் கலோரி ஒளிந்திருக்கும். தினமும் காலையில் கழிப்பறை போய் வந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். ஒரு நாள் எடை ஏறும், மறுநாள் இறங்கும், அதைக் கண்டுகொள்ளாமல் வாரச் சராசரியை மட்டும் பாருங்கள். சராசரி அசையவில்லை என்றால் நீங்கள் இப்போது சாப்பிடும் அளவுதான் உங்கள் எடையை அப்படியே வைத்திருக்கும் அளவு. இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்களைவிட இந்தக் கணக்கைத்தான் நான் நம்புவேன், ஏனென்றால் உங்கள் வேலை, தூக்கம், நடை எல்லாம் இதற்குள் வந்துவிடுகிறது.

சரி, அடுத்து இலக்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பைக் குறைக்க வேண்டுமா, அந்த அளவிலிருந்து தினமும் 300 முதல் 500 கலோரி குறையுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் 1 சதவீதம் வரை இறங்கினால் போதும், அதற்கு மேல் வேகமாக இறங்கினால் தசையும் சேர்ந்து போகும். தசை ஏற்ற வேண்டுமா, 200, 300 கலோரி கூட்டினால் போதும். இப்போதுதான் எடை தூக்க ஆரம்பித்தவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, கலோரியைப் பெரிதாக மாற்றாமலே கொழுப்பு குறைந்து தசையும் ஏற வாய்ப்பிருக்கிறது.

எந்த இலக்காக இருந்தாலும் முதலில் புரதத்தை முடிவு செய்யுங்கள். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை, அதாவது 70 கிலோ இருப்பவருக்கு 112 முதல் 154 கிராம். உடல் பருமன் அதிகம் உள்ளவர்கள் அடைய நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடலாம். மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக்கொண்டால் வயிறும் நிறைந்திருக்கும். அசைவமா சைவமா என்பது பிரச்சினை இல்லை. சைவம் மட்டும் என்றால் பருப்பு, சோயா, பால் பொருட்களைக் கலந்து சாப்பிடுங்கள், அப்புறம் பாலும் கிடையாது என்றால் பி12 மாத்திரை அவசியம்.

மாவுச்சத்தைப் பயிற்சிதான் தீர்மானிக்க வேண்டும், இங்கேதான் பலர் தவறான டயட்டில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வேக ஓட்டம், கால்பந்து, கனமான எடையைத் தொடர்ந்து தூக்கும் செட்டுகள் எல்லாம் கிளைக்கோஜனில், அதாவது மாவுச்சத்திலிருந்து உருவாகித் தசையில் சேமித்திருக்கும் சர்க்கரையில் ஓடுபவை, அது தீர்ந்தால் கால் நகராது. தினமும் ஒரு மணி நேரம் ஓடுபவருக்கு கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் வரை தேவைப்படும், வாரத்தில் மூன்று நாள் நடைப்பயிற்சி மட்டும் செய்பவருக்கு அதில் பாதியே தாராளம். மராத்தானுக்குத் தயாராகிக்கொண்டே கீட்டோ தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொழுப்பை மொத்தக் கலோரியில் 20 சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள்.

இந்தக் கணக்குக்குள் வரும் எந்த டயட்டும் சரிதான், பிறகு உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலையில் பசியே எடுக்காதவருக்கு விரத முறை சுலபம். ஆனால் அதிகாலையில் பயிற்சி செய்துவிட்டு மதியம் வரை பட்டினி கிடப்பவர், மாலையில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுகிறார் என்றால் அது அவருக்கான முறை இல்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். பெண்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: டயட்டும் பயிற்சியும் தொடங்கிய பிறகு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்ற எச்சரிக்கையாக அது இருக்கலாம். எடை இறங்குகிறதே என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள், எலும்பு பலவீனமாகும், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் எடை சட்டென்று இறங்குவது பெரும்பாலும் தண்ணீர்தான், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதனால் மூன்று வாரமாவது பொறுத்து வாரச் சராசரியையும், இடுப்புச் சுற்றளவையும், ஜிம்மில் தூக்கும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். எதிர்பார்த்த திசையில் போகவில்லை என்றால் 100, 150 கலோரி மட்டும் மாற்றிவிட்டு இன்னும் இரண்டு வாரம் பாருங்கள்.